மீட்டருக்கு மீட்டர் வெச்ச ராசாவுக்கு

ராசா, உன்னை நெனச்சா எனக்குப் பெருமை தாங்கல. கரண்டு பில் ஏறிப்போச்சுன்னு வாசல்ல தொங்கற மீட்டர் மேல சந்தேகப்பட்ட. அதை வேவு பாக்க வீட்டுக்குள்ள ஒரு மீட்டர் வெச்ச. இப்ப உள்ள வெச்சது ஒரு நேரம் சைபர் காட்டுது, ஒரு நேரம் எல்லா சுவிட்சும் அணைச்ச வீட்டுல நூறு வாட் ஓடுதுங்குது, ஒரு நேரம் ஆளையே காணோம். அதை வேவு பாக்க மூணாவதா ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கியாம். நாலாவதையும் சேத்தே போட்டுடு, தபால் காசாவது மிஞ்சும்.

எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில ஆறாவது, அதுக்கப்புறம் பால்மரம். ஆனா அளக்கற சாமான் விஷயத்துல எங்க கூட்டத்தை நீ லேசா எடை போட்டுடாத. மரம் சீவி, மங்கு மங்கா பால் எடுத்து, வாளிய தூக்கிட்டு வந்து ஸ்டோர் வாசல்ல வரிசையில நிப்போம். கிராணி ஐயா வாளிய நிறுத்து எழுதுவாரு. அதோட விடமாட்டாரு. பால்ல கொஞ்சம் மொண்டு, கணக்குக்குத் தண்ணி ஊத்தி, மெட்ரோலாக்குன்னு ஒரு மிதவைக் குச்சிய அதுக்குள்ள விடுவாரு. ரப்பரு தண்ணிய விட லேசு. அதனால கெட்டிப் பால்ல குச்சி நல்லா கீழ இறங்கும், வழியில வாய்க்கால் தண்ணி சேந்த பால்ல தலைய நீட்டிக்கிட்டு மேல நிக்கும். கூலி அந்தக் குச்சி சொல்ற ரப்பருக்குத்தான், வாளி எடைக்கு இல்ல. வாய்க்கால் தண்ணி எப்படிப் பாலுக்குள்ள வந்துச்சுன்னு கேக்காத. அந்த ஆளுங்கள்ல பாதிப் பேரு இப்ப கோயில் கமிட்டியில இருக்காங்க.

குச்சிய எங்க ஏமாத்தலாம்னு தெரிஞ்சவனுக்கு, குச்சி எங்க ஏமாந்துச்சுன்னும் தெரியும். அந்த உரிமையிலதான் சொல்றேன். நீ என்ன செஞ்ச? கேத்தல் ஓடறப்ப உன் மீட்டர்ப் பொட்டி 1,400 வாட்டுன்னுச்சு. கேத்தல் அடியில 2,000ன்னு எழுதியிருக்கு. உடனே லேப்டாப்பத் தொறந்து ஏதோ ஒரு நம்பரால பெருக்கி 2,000 ஆக்கிட்ட. மறுநாள் காத்தாடியப் போட்டா அது கோணலா வந்துச்சு, அதுக்கு இன்னொரு நம்பர். கிராணி புத்தகத்துல நம்பரைத் திருத்தினா வாளியில பால் கெட்டியாயிடுமா?

ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நம்ம பாட்டன் சொல்லிட்டுப் போனான். அளக்கற படிய முதல்ல சரி பாருன்னு அவன் சொல்லல. அது தெரியாத பேரன் ஒருத்தன் பொறப்பான்னு அவனுக்குத் தோணியிருக்காது.

அதனால கைப்பேசியக் கீழ வை. செம்புக் கம்பியிலேருந்து ஆரம்பிச்சுத் திரை வரைக்கும் வருவோம். நீ திரையிலேருந்து ஆரம்பிச்சு லேப்டாப்போட நின்னுட்ட.

முதல்ல உன்னோட பெரிய சாதனை. கம்பியக் கவ்விக் கரண்டை அளக்கற அந்த நீலக் கவ்விய, எஸ்சிடி-013, வாங்கிட்டு வந்து ரெண்டு கம்பியும் உள்ள ஓடற முழு கேபிளையும் சேத்துக் கவ்வ விட்ட. சைபர் காட்டுச்சு. சாமான் டூப்ளிகேட்டுன்னு முடிவு கட்டித் திருப்பி அனுப்ப ஃபாரம் நிரப்பின. லைன்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் ஒரே அளவு, திசைதான் எதிர். ரெண்டையும் ஒரே கவ்விக்குள்ள விட்டா ஒண்ணோட காந்தத்தை இன்னொண்ணு அழிச்சுடும். மிச்சம் சைபர். கவ்வி உண்மையத்தான் சொல்லிச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே வேலைய சம்பளத்துக்குச் செய்யற சாமான் மெயின் சுவிட்சு இருக்கற உன் டிபி பெட்டிக்குள்ளயே ஒக்காந்திருக்கு. ஆர்சிசிபின்னு கருப்புச் சுவிட்சு, பக்கத்துல டெஸ்ட்டுன்னு ஒரு பொத்தான். அது ரெண்டு கம்பியையும் சேத்தேதான் பிடிச்சு வெச்சிருக்கு. போன கரண்டு முழுசா வீடு திரும்பலேன்னா யாரோட உடம்பு வழியாவோ ஈரச் சுவர் வழியாவோ மண்ணுக்குப் போகுதுன்னு அர்த்தம், உடனே தட்டிவிட்டுடும். கையில புடிக்கற சாமானுக்கு 30 மில்லியாம்பியர், ஈரத் தரை இருக்கற எடத்துக்கு 10ன்னு 1994-ஆம் வருஷத்து மலேசிய மின்சார விதிமுறையிலயே எழுதி வெச்சிருக்காங்க. உன் கவ்வி சைபர் காட்டின அன்னிக்கு, வீட்டுல பெரிய கசிவு ஏதும் இல்லேன்னு நல்ல சேதி சொல்லிச்சு. நீ அதைத் திட்டிட்டு இருந்த.

சரி, ஒரு கம்பிய மட்டும் கவ்வணும்னு புரிஞ்சுது. எந்தக் கம்பி? வெளிநாட்டுக்காரன் வீடியோவுல நீலம்னா நியூட்ரல்னு சொல்றான், நீயும் நம்பிட்ட. கேத்தல் வயர்ல அது சரி. சுவத்துக்குள்ள ஓடற நம்ம ஊரு பழைய வயரிங்ல சிவப்பு லைன், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். மூணு ஃபேஸ் வீட்டுல சிவப்பு, மஞ்சள், நீலம் மூணுமே லைன். நீலத்தை நியூட்ரல்னு நெனச்சுத் தொட்டா, அதுக்கப்புறம் உனக்கு எந்த வீடியோவும் தேவைப்படாது. டிபி பெட்டி மூடியத் தொறக்கற வேலைய பதிவு பெத்த வயர்மேன்கிட்ட குடு. மெயின் சுவிட்சை இறக்கினாலும் மீட்டர்லேருந்து மெயின் சுவிட்சு வரைக்கும் வர்ற கம்பியில கரண்டு அப்படியேதான் நிக்கும். வயர்மேன் கூலி உனக்கு வலிக்குதுன்னா, உன் ஈமச் சடங்கு செலவை நெனச்சுப் பாரு. அது என் பாக்கெட்லேருந்து போகும்.

அடுத்தது கவ்வியோட வாய். உள்ள ரெண்டு ஃபெரைட் துண்டு இருக்கு, கருப்பா வழவழன்னு. மூடினா ரெண்டு முகமும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தி ஒட்டணும். மயிரிழை இடைவெளி விழுந்தாலும் எண்ணு கொறையும். உன் கவ்விய வயர்மேன் கழட்டினப்ப என்ன கெடச்சுது? கட்டறதுக்குப் போட்ட பிளாஸ்டிக் பட்டையோட வெட்டின வால் நுனி, வெள்ளையா, நகக்கண் அளவு, வாய்க்குள்ள சிக்கியிருந்துச்சு. கிளிப்பு சொடுக்குன்னு சத்தம் போட்டுது, நீயும் மூடிக்கிச்சுன்னு நெனச்ச. உன் 1,400 வாட்டோட ரகசியம் அந்தத் துணுக்குதான். அதைத்தான் நீ பெருக்கல் போட்டுச் சரி பண்ணின.

கவ்வி மேல ஒரு அம்புக்குறி இருக்கும். வோல்ட்டேஜையும் சேத்துப் பாக்கற பலகையோட மாட்டினா, திசை மாறினதும் வாட்டு மைனஸ்ல வரும். கூரையில சோலார் போட்டவன் வீட்டுல மைனஸுக்கு அர்த்தம் உண்டு. நம்ம கூரையில இருக்கறது தகரமும் பூனையும். நீ மைனஸைப் பாத்துட்டு, "பாட்டி, நம்ம வீட்டுலேருந்து கரண்டு வெளிய போகுது, நமக்குக் காசு வரும்"னு சொன்ன. அவ பவுனு விலை விசாரிக்க ஆரம்பிச்சுட்டா. கவ்வியத் திருப்பி மாட்டறது சுலபம், உன் பாட்டியத் திருப்பறதுதான் கஷ்டம்.

நம்ம வீட்டைக் கெடுத்தது பத்தாதுன்னு இஜோக்ல மாமா வீட்டுக்கும் போய் மாட்டிக் குடுத்த. அங்க மூணு ஃபேஸ். வோல்ட்டேஜை சிவப்புலேருந்து எடுத்துட்டுக் கவ்விய மஞ்சள்ல போட்ட. மூணு ஃபேஸும் ஒண்ணுக்கொண்ணு 120 டிகிரி தள்ளித் தள்ளி ஓடுது. அந்தக் கோணத்துக்கு கோசைன் கழித்தல் அரை. அதனால 2,000 வாட் இழுக்கற கேத்தலுக்குக் கழித்தல் 1,000 காட்டும். நாள் முழுக்க வெயில்ல நின்னவனுக்கு அரைநாள் கூலி, அதுவும் அவனே குடுக்கணும்னு கணக்கு. இப்படி எழுதின கிராணிய நாங்க சும்மா விட்டிருக்க மாட்டோம். மாமா பொறுமைசாலி.

இப்ப கவ்விக்கும் பொட்டிக்கும் நடுவுல வருவோம். எஸ்சிடி-013ல பல வகை உண்டு. 000ன்னு முடியறது 100 ஆம்பியருக்கு 50 மில்லியாம்பியர் வெளிய விடும். அது கரண்டு. அதைப் படிக்கற அளவுக்கு வோல்ட்டேஜா மாத்த நீதான் குறுக்க ஒரு ரெசிஸ்டர் போடணும். 030ன்னு முடியறதுல அது உள்ளயே இருக்கு, 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் குடுக்கும். நீ 000 வாங்கிட்டு, 030 வெச்சிருந்த எவனோ ஒருத்தனோட புரோகிராம் கோடைக் காப்பியடிச்ச. அவன் வீட்டுல சரியா ஓடுச்சு. அவன் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்கு நம்ம வீட்டுல ஏப்பம் வருமா? குறுக்கு ரெசிஸ்டர் இல்லாம 000ஐ ஓடற கம்பியில மாட்டாத. கரண்டுக்குப் போற வழி இல்லேன்னா அந்த முனையில வோல்ட்டேஜ் ஏறும்.

கரண்டு மேலயும் கீழயும் போயிட்டு வர்ற சங்கதி, நொடிக்கு 50 தரம். உன் பொட்டிக்குள்ள இருக்கற ஈஎஸ்பி32 சில்லுக்குக் கீழ்ப்பக்கம் தெரியாது. சைபர்லேருந்து 3.3 வோல்ட் வரைக்கும்தான் அதோட உலகம். அதனால ரெண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு நடுவுல 1.65 வோல்ட்ல தொட்டில கட்டி, அதுல ஆட விடணும். அந்த நடுப்புள்ளிக்கும் தரைக்கும் குறுக்க 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒண்ணு. நீ கப்பாசிட்டரை விட்டுட்ட. "படத்துல இருந்துச்சு, ஆனா தேவையான்னு தெரியல"ன்ன. சுவிட்செல்லாம் அணைச்ச வீட்டுல ஓடின நூறு வாட் அதுலேருந்துதான் வந்துச்சு. நடுப்புள்ளி நடுங்கினா 0.4 ஆம்பியர் பேய்க் கரண்டு தெரியும். 240 வோல்ட்டால பெருக்கினா 96 வாட். அதுக்கு நீ பக்கத்து வீட்டுக்காரன் கரண்டு திருடறான்னு நெனச்சு சுவத்தோரம் காது வெச்சுக் கேட்ட. அவன் என்ன நெனச்சான்னு எனக்குத் தெரியும், என்கிட்டயே வந்து கேட்டான்.

அந்தச் சில்லு நல்ல சில்லுதான். தியோ சுவீ ஆன்னு சிங்கப்பூர்க்காரரு ஒருத்தரு 2008ல ஷாங்ஹாய்ல ஆரம்பிச்ச எஸ்ப்ரெசிஃப் கம்பெனியோடது. 2014ல ஈஎஸ்பி8266 வந்துச்சு, 2016ல ஈஎஸ்பி32. நாலு தட்டு நாசி லெமாக் விலைக்கு வைஃபையும் கம்ப்யூட்டரும் சேத்துக் குடுத்துட்டாரு. ஆனா அவங்களே புத்தகத்துல எழுதி வெச்சதை நீ படிக்கல. அளக்கற கதவு அதுல ரெண்டு தொகுதி. ரெண்டாவது தொகுதியை, அதாவது 0, 2, 4, 12லேருந்து 15, 25லேருந்து 27ங்கற பின்னுங்களை, வைஃபை ஓடறப்ப நம்ப முடியாது. வைஃபையே அதை எடுத்துக்கும். நீ கவ்விய 25ல மாட்டின. வைஃபை இல்லாம மேசையில சோதிச்சப்ப அருமையா வேலை செஞ்சுது, சுவத்துல மாட்டி வைஃபையப் போட்டதும் ஊமையாச்சு. நீ சுவத்தை மாத்திப் பாத்த! 32லேருந்து 39 வரைக்கும் இருக்கற முதல் தொகுதியில ஒரு பின்னுக்கு மாத்து, அவ்வளவுதான். சரி, அதுலயும் ரொம்ப மேல, ரொம்ப கீழ வர்ற அளவுல இந்தச் சில்லு கொஞ்சம் கோணலாத்தான் படிக்கும். அதனால உன் ரெசிஸ்டரை நடுப் பகுதியில ஆடற அளவுக்குத் தேர்ந்தெடு.

இதெல்லாம் வேணாம்னு ரெண்டாவதா பிசெம்-004டி வாங்கின. புத்திசாலித்தனம்தான். வோல்ட்டேஜ், ஆம்பியர், வாட், யூனிட் எல்லாத்தையும் அதுவே அளந்து நம்பரா குடுத்துடும். அது பதில் சொல்லலேன்னு ராத்திரி பூரா மேசையில அழுத. மேசையில அதுக்கு 5 வோல்ட் மட்டும் குடுத்திருந்த. அளக்கற சில்லுக்கு சாப்பாடு வீட்டுக் கரண்டுலேருந்துதான் வருது ராசா. அது இல்லேன்னா எழுந்திரிக்காது. அப்புறம் இந்தப் பலகையோட வாய் உன் பொட்டியோட காதுக்குப் போகணும், டிஎக்ஸ் ஆர்எக்ஸுக்கு, ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு. நீ வாயோட வாயைக் கட்டின. பேச்சு வேகம் 9600. இன்னொண்ணு, அந்தப் பலகையில பொட்டியப் பாத்த பக்கம் 5 வோல்ட்டுக்குன்னு செஞ்சது. 3.3 வோல்ட் குடுத்தா சில பலகை பேசும், சில பலகை முனகும். பழைய ஈஎஸ்பி8266ல மாட்டினா, அது தன் டைரிய எழுதறதும் அதே வாசல் வழியாத்தான். டைரிய நிறுத்தினாதான் பேச்சு கேக்கும். சில்லுக்குப் புரோகிராம் எழுத நீ வெச்சிருக்கற ஈஎஸ்பிஹோம்ல அதுக்கு லாகர் பாட் வேகத்தை 0ன்னு ஒரு வரி எழுதணும்.

வாட்டு வந்தாச்சு, ஆனா பொட்டி அடிக்கடி காணாமப் போகுது. ரவுட்டர் சரியில்ல, இன்னும் வேகமான பிளான் எடுக்கணும்னு சொன்ன. இந்தச் சில்லுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் அதுக்குக் கண்ணுக்கே தெரியாது. நீ எடுக்கப்போற வேகம் அதுக்கு எதுக்கு? பொட்டிய எங்க வெச்சிருக்க? இரும்பு டிபி பெட்டிக்குள்ள, மூடியச் சாத்தி. அலை எப்படி வெளிய வரும்? அதை வெளிய எடு, 240 வோல்ட்டோட பக்கத்துல அதுக்கு என்ன வேலை. சிக்னல் கழித்தல் 67 டிபிஎம்னா நிம்மதி. கழித்தல் 80க்கு அந்தப் பக்கம் போனா இன்னிக்கு இருக்கும் நாளைக்கு இருக்காது.

சாப்பாட்டையும் பாரு. வைஃபைல பேசற அந்தக் கணத்துல சில்லு 200 மில்லியாம்பியருக்கு மேல இழுக்கும். 500 குடுக்கக்கூடிய சப்ளை வைன்னு செஞ்சவங்களே சொல்றாங்க. நீ வெச்சிருக்கறது பாட்டியோட பழைய டார்ச் லைட்டுக்கு வந்த சார்ஜரு, வயரு நூலளவு. அதுல வோல்ட்டேஜ் தாழ்ந்து பொட்டி செத்துச் செத்துப் பொழைக்குது. பிரவுன்அவுட்டுன்னு அதோட லாக்ல அதுவே எழுதி வெச்சிருக்கு. அது அழுததை நீ படிக்கல.

இப்ப கடிகாரம். ஒரு நாளைக்கு எத்தனை யூனிட்டுன்னு கூட்டற கணக்கு நடுராத்திரியில சைபருக்குத் திரும்பணும். உன் பொட்டியில காலையில 8 மணிக்குத்தான் நாள் பொறக்குது. நேர மண்டலம் சரியா எழுதலேன்னா உலகப் பொது நேரத்துல நிக்கும், நாம அதுக்கு 8 மணி முன்னால. அந்த 8 மணியே எங்களுக்குப் புதுசுதான். 1981 முடியற வரைக்கும் ஏழரை. 1982 சனவரி 1லேருந்து சபா, சரவாக்கோட ஒண்ணா ஓடணும்னு தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளினாங்க. சூரியன் மட்டும் தள்ளிக்கல. காலையில ஆள் கணக்கு எடுக்கற பெரட்டுக்கு அதே மணிக்கு நின்னோம், பக்கத்துல நிக்கறவன் மூஞ்சி தெரியல. ஒரு நாட்டையே ஒரே ராத்திரியில திருத்தினாங்க. உனக்கு ஒரு வரி எழுத சோம்பல்.

அந்த ஒரு வரியில காசும் இருக்கு. 2025 ஜூலை 1லேருந்து வந்த புதுக் கட்டணத்துல, நேரத்துக்கு ஒரு விலைங்கற திட்டத்தை வேணுங்கற வீடு எடுத்துக்கலாம். வேலை நாள்ல மத்தியானம் 2 மணிலேருந்து ராத்திரி 10 வரைக்கும் விலை கூட. மத்த நேரமும் சனி ஞாயிறும் கொறச்சல். 8 மணி நேரம் தப்பா ஓடற பொட்டிய நம்பித் துணி தொவைச்சா, சிக்கனம் பண்றேன்னு ஒக்காந்து சரியா வெலை கூடின நேரத்துல தொவைப்ப.

எல்லாம் சரி பண்ணியாச்சு, சரியான்னு எப்படித் தெரியும்? மூணாவது மீட்டர் வேணாம். வாசல்ல சீல் வெச்ச மீட்டர் இருக்கே, அதுகிட்ட போய் நில்லு. அதுல ஒரு சின்ன சிவப்பு வெளிச்சம் சிமிட்டும். முகத்துல ஒரு யூனிட்டுக்கு 1,000 துடிப்புன்னு எழுதியிருக்கும், சில மீட்டர்ல 1,600. ஆயிரம்னா ஒரு சிமிட்டலுக்கு ஒரு வாட்-மணி. வீட்டுல மத்த எல்லாத்தையும் அணை, கேத்தல மட்டும் போடு. முதல் சிமிட்டலுக்கு சைபர்னு சொல்லி எண்ண ஆரம்பி. ஒண்ணுன்னு ஆரம்பிச்சா கடைசியில ஒண்ணு உதைக்கும். 20 வர்றதுக்கு 38 விநாடி ஆச்சுன்னா, 20ஐ 3,600ஆல பெருக்கி 38ஆல வகு. 1,895 வாட். அதே நேரம் உன் பொட்டி என்ன சொல்லுதுன்னு பாட்டிய விட்டுப் படிக்கச் சொல்லு. நீ படிச்சா உனக்குப் புடிச்ச நம்பரைப் படிப்ப.

பாத்தியா, 2,000 வரல. கேத்தல் அடியில எழுதினதும் வேதவாக்கு இல்ல. 240 வோல்ட்ல 2,000 இழுக்கற கேத்தல் 230 வோல்ட்ல 1,837தான் இழுக்கும். 2008லேருந்து நம்ம நாட்டுல அறிவிச்ச அளவு 230, அதுலேருந்து பத்து சதவீதம் மேல, ஆறு சதவீதம் கீழ வரைக்கும் போகலாம். அப்ப நீ பெருக்கிப் பெருக்கி எட்டின 2,000 முதல்லயே தப்பான ஊரு. தப்பான ஊருக்குச் சரியான பஸ்ஸு புடிச்சிருக்க.

கேத்தலுக்கு அப்புறம் ஒரு காத்தாடி, அதுக்கப்புறம் ஒரு பல்பு. ஒவ்வொண்ணா. பெருசு சரியா வந்து சின்னது கோணினா, வியாதி பெருக்கல்ல இல்ல, கீழ எங்கயோ இருக்கு. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. நீ பின்னை மாத்தி, சார்ஜரை மாத்தி, கோடையும் மாத்திட்டு, "ஏதோ ஒண்ணு சரி பண்ணிடுச்சு"ன்னு சொன்ன. அந்த ஏதோ ஒண்ணு அடுத்த மழைக்கு மறுபடி வரும். அப்ப யாரைக் கேப்ப? ரெண்டு மூணு சதவீதம் வித்தியாசம் நின்னா அதோட விட்டுடு. பவுனா நிறுக்கற?

அந்த சிவப்பு வெளிச்சத்துக்கு முன்னால ஒளி படிக்கற சாமான் ஒண்ணை வெச்சு எண்ண விட்டாலே முழு வீட்டுக் கணக்கு வந்துடும், ஒரு கம்பியத் தொட வேணாம். ஈஎஸ்பிஹோம்ல துடிப்பு எண்ணறதுக்குன்னே பகுதி இருக்கு. ஆனா மீட்டர் நம்ம சொத்து இல்ல. சீல் பக்கம் விரல் போகக் கூடாது, 1990-ஆம் வருஷத்து மின்சார விநியோகச் சட்டத்துல மீட்டரைக் கெடுக்கறவனுக்குத் தனியா தண்டனை எழுதி வெச்சிருக்கு. ஒட்டறதுக்கு முன்னால கரண்டு கம்பெனிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ.

தோட்டத்துல இருந்தப்ப இந்தத் தலைவலி எதுவும் இல்ல. செம்பனை மில்லுங்க நாரையும் ஓட்டையும் எரிச்சு நீராவி எடுத்துத் தன் கரண்டைத் தானே செஞ்சுக்கும். எங்க லயத்துக்கு சாயங்காலம் எஞ்சின் போட்டாதான் வெளிச்சம், ராத்திரி அணைச்சா படுக்கை. மீட்டரும் இல்ல, பில்லும் இல்ல. எவன் அதிகமா இழுக்கறான்னு பாக்க எஞ்சின்காரரு காதே போதும். எவன் வீட்டுலயாவது இஸ்திரிப் பொட்டியப் போட்டா எஞ்சின் முக்கும், அவரு கெளம்பி வந்து வாசல்ல நிப்பாரு. அந்தக் காலம் திரும்பணும்னு நான் சொல்லல. நடுராத்திரியில கொசுவோட படுத்தவனுக்குத்தான் காத்தாடியோட அருமை தெரியும்.

உன் பொட்டி சரியானதும் என்ன சொல்லும்னு இப்பவே சொல்லட்டா? 3.6 கிலோவாட் வாட்டர் ஹீட்டர்ல பத்து நிமிஷம் குளிச்சா 0.6 யூனிட். சும்மா தொங்கற ஒவ்வொரு வாட்டும் வருஷத்துக்கு 8.76 யூனிட். பத்து வாட் தின்னுக்கிட்டுத் தூங்கற டிவி பொட்டிக்கு வருஷம் 87.6 யூனிட்டு தண்டம். தலைக்கு ஒரு வாட் தின்னற நாலு வேவு மீட்டர் வெச்சா வருஷம் 35 யூனிட், அதையும் எழுதிக்கோ. அப்புறம் உன் அறையில ராத்திரி 10 மணி நேரம் ஓடற ஏர்கோன். சராசரி 700 வாட்டுன்னு வெச்சாலும் மாசத்துக்கு 210 யூனிட். நீ 18 டிகிரி வெச்சுட்டு ரெண்டு போர்வை போத்திக்கிட்டுத் தூங்கறது பொட்டிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

புதுக் கட்டணத்துல மாசம் 600 யூனிட்டுக்குள்ள நிக்கற வீட்டுக்கு 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் கெடையாது. 1,000 யூனிட்டுக்குள்ள நின்னா சிக்கனத்துக்குன்னு கழிவும் உண்டு, கொறச்சலா எரிச்சா கூடுதலா. நம்ம வீடு அறுநூறை ஒட்டியே நடக்குது. மாசக் கடைசியில 590ல இருக்கமா 610ல இருக்கமான்னு முன்கூட்டியே சொல்றதுக்கு உன் பொட்டி உண்மையிலேயே உதவும் ராசா. அதுக்காகத்தான் இத்தனை நேரம் வாய் வலிக்கப் பேசினேன்.

எந்தச் சாமான் எவ்வளவு தின்னுதுன்னு அது புள்ளி சுத்தமா சொல்லிடும். பில்லை யாரு கட்டறதுன்னு கேட்டா மட்டும் அதுக்கு வாய் வராது. அதுக்குத்தான் வீட்டுல தாத்தான்னு ஒருத்தன் இருக்கான். இந்த மாசத்துலேருந்து நீ கட்டற.